தன்னந்தனியே 2,700 கிலோ மீட்டர்!
வாடகைக் காரில் ஆஸ்திரேலியப் பாலைவெளியைக் கடப்பது எப்படி?

வளைவே இல்லாத ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா?

ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு ரோடு இருக்கிறது. 146 கிலோ மீட்டர் தூரம் அம்பு விட்டாற்போல நேராகப் போகிறது. சென்னையில் காரை எடுத்தால், கிட்டத்தட்டப் புதுச்சேரி போய்ச் சேரும் வரை வண்டியைத் திருப்பவே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ரோடு!

அந்த 146 கிலோ மீட்டரில் ஊர் இல்லை. டீக்கடை இல்லை. பஞ்சர் ஒட்டும் கடை இல்லை. வழி கேட்க ஆள் இல்லை.

இந்த ரோட்டில் தன்னந்தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சொந்தக் கார் இல்லாதவர்கள், வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று ஆஸ்திரேலியாவில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். "லீவு கிடைத்திருக்கிறது அம்மா. தனியாகக் காரில் ஒரு பெரிய சுற்றுப் போய்வரப் போகிறேன்" என்று மகனோ மகளோ போனில் சொன்னால், இங்கே இருக்கும் தாய் தகப்பனுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

போகாதே என்று தடுப்பதா? போய் வா என்று அனுப்புவதா?

இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "திட்டம் போட்டுவிட்டாயா?" என்பதே அந்தக் கேள்வி.

தனியாகப் போகிறவருக்கு, பக்கத்து இருக்கையில் துணை கிடையாது. தூங்கினால் தட்டி எழுப்ப ஆள் கிடையாது. ஆகவே, துணை செய்யும் வேலையைத் திட்டம்தான் செய்ய வேண்டும். அந்தத் திட்டத்தை எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

மரம் இல்லாத நாடு

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கிறது பெர்த் நகரம். தெற்குக் கரையில் இருக்கிறது அடிலெய்டு நகரம். இரண்டுக்கும் இடையே ரோட்டு வழியாகச் சுமார் 2,700 கிலோ மீட்டர். நம் கன்னியாகுமரியிலிருந்து டில்லிக்குப் போகிற தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்.

இடையில் இருப்பது நல்லார்பார் என்னும் பெரிய சமவெளி. லத்தீன் மொழியில் இதற்கு "மரம் இல்லை" என்று பொருள். சுமார் 2 லட்சம் சதுர கிலோ மீட்டர் பரப்பு, ஒரே சுண்ணாம்புக்கல் பாறை! மழை பெய்தால் தண்ணீர் பாறைக்குள் இறங்கிவிடும். ஆறும் கிடையாது, ஏரியும் கிடையாது.

இந்தச் சமவெளியின் தெற்கு ஓரமாகப் போகிறது எயர் நெடுஞ்சாலை. மேற்கே நார்ஸ்மன் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. கிழக்கே செடுனா என்னும் கடலோர ஊர் வருவதற்குள் சுமார் 1,200 கிலோ மீட்டர் ஓடிவிடும். இடையே நகரம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

பிறகு எங்கே தங்குவது? அதிகபட்சம் சுமார் 190 கிலோ மீட்டர் வரை இடைவெளி விட்டு, ரோட்டோரத்தில் சத்திரங்கள் இருக்கின்றன. ஒரே இடத்தில் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, படுக்க அறை எல்லாம் இருக்கும். அதுதான் அங்கே ஊர்!

இந்தச் சத்திரங்களில் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? மதுரா! வெள்ளைக்காரர்கள் நம் மதுரையை அந்தக் காலத்தில் எழுதியதும் இப்படித்தான். அங்கே 1876-ம் ஆண்டு ஒரு குதிரைப் பண்ணை ஏற்பட்டது. இந்தியாவில் இருந்த ராணுவத்துக்காக அங்கே குதிரை வளர்த்தார்கள்.

முன்னால் போனவர்கள்

இந்தப் பாதையில் மேற்கு நோக்கி நடந்து போன முதல் வெள்ளைக்காரர் எட்வர்டு ஜான் எயர். ரோட்டுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

1841 பிப்ரவரியில் அவர் புறப்பட்டார். கூட வந்தவர்கள் பாக்ஸ்டர் என்னும் மேற்பார்வையாளரும், மூன்று பழங்குடி இளைஞர்களும். ஏப்ரல் 29-ந் தேதி இரவு பெரும் விபரீதம் நடந்தது. மூன்று இளைஞர்களில் இருவர் பாக்ஸ்டரைக் கொன்றுவிட்டு, உணவையும் துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

எயருடன் மிஞ்சியவர் ஒரே ஒருவர். அவர் பெயர் வைலி. மேற்கு ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரைப் பகுதியைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்.

இருவரும் நடந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. விடியற்காலையில் செடிகளின் மீது படிந்த பனித்துளியைக் கடற்பஞ்சில் ஒற்றியெடுத்துப் பிழிந்து குடித்தார்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில், கரையோரம் நின்ற ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் அவர்களுக்கு உணவு கொடுத்தது. ஜூலை 7-ந் தேதி ஆல்பனி ஊரை அடைந்தார்கள்.

வைலி இல்லாவிட்டால் எயரும் இல்லை. அது மட்டுமா? அந்த வறண்ட நிலத்தில் எங்கே தோண்டினால் தண்ணீர் வரும் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தவர்கள், அங்கேயே காலங்காலமாக வாழும் பழங்குடி மக்கள்.

பின்னால் தனியாகவே போய் வென்றவர்களும் உண்டு. 1877-ல் இந்த வழியாகத் தந்திக் கம்பி போட்டார்கள். 1896-ல் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர், தந்திக் கம்பம் போன வழியே சைக்கிள் மிதித்து, கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்கு 31 நாட்களில் போய்ச் சேர்ந்தார். 1912-ல் பிரான்சிஸ் பர்டில்ஸ் என்பவரும் ஒரு நண்பரும் மேற்குக் கரையிலிருந்து சிட்னி வரை மோட்டார் காரிலேயே வந்துவிட்டார்கள்.

1950-ம் ஆண்டு முடியும் தறுவாயில் வினிஃப்ரெட் வெல்ஸ் என்னும் 22 வயதுப் பெண் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். பெர்த்திலிருந்து சிட்னிக்குத் தனியாகப் போய், தனியாகவே திரும்பி வந்தார். அவர் ஓட்டியது என்ன வண்டி தெரியுமா? ராயல் என்ஃபீல்டு புல்லட்! அதே புல்லட்தான் 1955 முதல் நம் சென்னையில் தயாராகத் தொடங்கியது.

அப்போது இருந்தது மண் பாதை. எயர் நெடுஞ்சாலை முழுவதற்கும் தார் போட்டு முடித்தது 1976-ல்தான். இன்று சாதாரணக் காரே போதும். ரோடு நல்ல ரோடு. ஆனால், தூரம் அதே தூரம்தான். வெயிலும் அதே வெயில்தான்.

கையெழுத்துப் போடும் முன்

"வாடகைக் கார்" என்றதும் டாக்சி என்று நினைத்துவிடாதீர்கள். டிரைவர் கிடையாது. காரை மட்டும் நாள் கணக்கில் கொடுப்பார்கள். ஓட்ட வேண்டியது நாம்தான். நம் நாட்டைப் போலவே அங்கேயும் ரோட்டில் இடது பக்கம் போக வேண்டும். அது நமக்குச் சௌகரியம்.

கார் எடுக்கும்போது ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பொடி எழுத்தில் பல பக்கம் இருக்கும். பலர் படிப்பதே இல்லை. துன்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

ஒன்று: என் வயதுக்குக் கார் கிடைக்குமா? 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. 25 வயது ஆகாதவர்களிடம் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். அதில் ஒரு தொகையை முன்பணமாக நிறுத்தி வைப்பார்கள். கார் நல்லபடியாகத் திரும்பிய பிறகே அதை விடுவிப்பார்கள். அந்தப் பணத்தை வழிச் செலவுக்கு நம்பக்கூடாது.

இரண்டு: என் லைசென்சு செல்லுமா? சுற்றுலாப் போகிறவர் நம் நாட்டு லைசென்சைக் காட்டி ஓட்டலாம். அது ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டோ, முறையான மொழிபெயர்ப்போ வேண்டும். அனுமதிச் சீட்டை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கலாம். ஓர் ஆண்டுக்குச் செல்லும். அங்கேயே தங்கி வேலை பார்ப்பவர்கள், அந்தந்த மாநில விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று: பெர்த்தில் எடுத்த காரை அடிலெய்டில் விடலாமா? விடலாம் என்பார்கள். ஆனால், காரைத் திரும்பக் கொண்டுபோகும் செலவுக்கு என்று தனிக் கட்டணம் இருக்கும். சில நேரம் இந்தக் கட்டணம் வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே "மலிவு" என்று முடிவு செய்ய வேண்டும்.

நான்கு: எத்தனை கிலோ மீட்டர் ஓட்டலாம்? உதாரணமாக, "நாளுக்கு 200 கிலோ மீட்டர் இலவசம்" என்று எழுதியிருந்தால், 7 நாளைக்கு 1,400 கிலோ மீட்டர்தான் கிடைக்கும். மீதி 1,300 கிலோ மீட்டருக்கு, கிலோ மீட்டர் ஒவ்வொன்றுக்கும் பணம் கட்ட வேண்டும். ஆகவே, தூரத்துக்கு எல்லை வைக்காத வாடகையாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஐந்து: விபத்து நடந்தால் என் பங்கு எவ்வளவு? இன்சூரன்சு இருக்கிறது என்று சொல்வார்கள். ஆனால், முதலில் இவ்வளவு டாலர் நீங்கள் கட்ட வேண்டும் என்று ஒரு தொகை இருக்கும். அது சில ஆயிரம் டாலராகவும் இருக்கலாம். கூடுதல் பணம் கட்டினால் அந்தத் தொகை குறையும்.

ஆறு: எந்த ரோட்டில், எந்த நேரத்தில் ஓட்டக்கூடாது? மண் ரோட்டில் ஓட்டிச் சேதம் ஆனால் பல நிறுவனங்களில் இன்சூரன்சு கிடையாது. ஊருக்கு வெளியே, பொழுது சாய்ந்த பிறகு மிருகத்தின் மீது மோதினாலும் இன்சூரன்சு இல்லை என்று எழுதும் நிறுவனங்களும் உண்டு.

ஏழு: மாற்றுச் சக்கரம் இருக்கிறதா? இப்போது வருகிற கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரமே இல்லை. பஞ்சர் அடைக்கும் மருந்துப் புட்டி மட்டும்தான் இருக்கும். டயர் கிழிந்தால் அது உதவாது. "மாற்றுச் சக்கரம் உள்ள கார்தான் வேண்டும்" என்று முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

காரை வாங்கும்போது நாலு பக்கமும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பழைய கீறலுக்குப் புதிதாகப் பணம் கட்ட வேண்டி வராது.

மாலை ஐந்துக்குப் பிறகு கங்காரு ராஜ்யம்

இரவில் ஓட்டக்கூடாது என்று நிறுவனம் சொல்வது, தன் காரைக் காப்பாற்றிக்கொள்ள. ஆனால், அந்த விதி நம் உயிரையும் காப்பாற்றும்.

கங்காரு பகலில் நிழலில் படுத்திருக்கும். பொழுது சாயும்போதும், விடியும்போதும் மேய வரும். பெரிய ஆண் கங்காரு 80 கிலோ வரை எடை இருக்கும். விளக்கு வெளிச்சத்தைக் கண்டதும் எந்தப் பக்கம் தாவும் என்று சொல்லவே முடியாது. இதோடு ஈமு கோழி, வோம்பாட், ஒட்டகம் வேறு!

ஒட்டகமா என்று கேட்பீர்கள். ஆம்! 19-ம் நூற்றாண்டில், சுமை தூக்குவதற்காக இந்தியாவிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் கப்பலில் கொண்டுபோனார்கள். லாரி வந்ததும் அவற்றை அவிழ்த்துவிட்டார்கள். அவற்றின் வம்சம் இன்று காட்டில் திரிகிறது.

மிருகம் குறுக்கே வந்தால் பிரேக்கை அழுத்த வேண்டும். காரை வெட்டித் திருப்பக்கூடாது. வேகத்தில் திருப்பினால் கார் உருண்டுவிடும். கங்காரு பிழைக்கும், ஆள் பிழைப்பது கடினம்.

ஆகவே, சூரியன் உதித்த பிறகு புறப்பட வேண்டும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அறைக்குப் போய்விட வேண்டும். குளிர்காலத்தில் பகல் 10 மணி நேரம்தான். சாப்பாடு, ஓய்வு எல்லாம் போக, ஓட்டுவதற்குக் கிடைப்பது 6 மணி நேரம். நாள் கணக்கை இதை வைத்துத்தான் போட வேண்டும்.

ஆறு நாள் கணக்கு

முதல் நாள்: பெர்த்திலிருந்து தங்கச் சுரங்க ஊரான கூல்கார்டி வரை. சுமார் 550 கிலோ மீட்டர்.

இரண்டாம் நாள்: நார்ஸ்மன், பல்லடோனியா வழியாகக் கைகுனா சத்திரம் வரை. சுமார் 540 கிலோ மீட்டர். வளைவில்லாத ரோடு வருவது இன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள்: காக்கிள்பிடி, மதுரா, முண்ட்ரபில்லா வழியாக யூக்லா வரை. சுமார் 340 கிலோ மீட்டர்தான். வேண்டுமென்றே குறைத்திருக்கிறோம். மூன்றாம் நாள் உடம்பு ஓய்வு கேட்கும். யூக்லாவில் மணல் மேட்டில் புதைந்து கிடக்கும் பழைய தந்தி நிலையத்தைப் பார்க்கலாம்.

நான்காம் நாள்: மாநில எல்லையைத் தாண்டிச் செடுனா வரை. சுமார் 500 கிலோ மீட்டர். வலது பக்கம் செங்குத்தான பாறை, கீழே கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால், குட்டியோடு வரும் திமிங்கிலங்களைக் கரையில் நின்றே பார்க்கலாம்.

ஐந்தாம் நாள்: போர்ட் அகஸ்டா வரை. சுமார் 470 கிலோ மீட்டர்.

ஆறாம் நாள்: அடிலெய்டு. சுமார் 310 கிலோ மீட்டர்.

பிரயாணம் ஆறு நாள். ஆனால், காரை எட்டு நாளைக்கு எடுக்க வேண்டும். ஏன்? 2020 ஜனவரியில் காட்டுத் தீயினால் இந்த ரோட்டைப் பல நாட்கள் மூடிவிட்டார்கள். சத்திரங்களில் பிரயாணிகள் சிக்கிக்கொண்டார்கள். கையில் உபரி நாள் இல்லாதவர்தான் ராத்திரியிலும் ஓட்டுவார், தூக்கத்திலும் ஓட்டுவார்.

கோடைக்காலத்தைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம். அவர்களுக்கு டிசம்பர், ஜனவரிதான் கோடை. 2019 டிசம்பரில் நல்லார்பாரில் வெப்பம் 49.9 டிகிரி செல்சியஸ்!

கடிகாரம் செய்யும் வேடிக்கை

கிழக்கே போகப் போக மணி மாறும். கைகுனாவைத் தாண்டியதும் கடிகாரத்தை 45 நிமிடம் முன்னே தள்ள வேண்டும். மாநில எல்லையைத் தாண்டியதும் இன்னொரு 45 நிமிடம். கோடைக்காலத்தில் தென் ஆஸ்திரேலியாவில் அதற்கு மேலும் ஒரு மணி நேரத்தைக் கூட்டுவார்கள்.

இதை மறந்தால் என்ன ஆகும்? பொழுது சீக்கிரம் சாய்ந்துவிட்டது போல இருக்கும். சத்திரத்தின் சமையலறை மூடியிருக்கும். கடைசியில் அடிலெய்டில் 10 மணிக்குக் கொடுக்க வேண்டிய காரை 11.30-க்குக் கொண்டுபோய் நிறுத்தினால், தாமதத்துக்குப் பணம் கேட்பார்கள்.

பெட்ரோல், தண்ணீர், பழம்

100 கிலோ மீட்டருக்கு 8 லிட்டர் பெட்ரோல் என்று வைத்தால், மொத்தம் சுமார் 220 லிட்டர் வேண்டும். பங்க்குகளுக்கு இடையே 190 கிலோ மீட்டர்தான் என்பதால், சாதாரண டாங்கி போதும். ஆனால், எல்லாப் பங்க்கும் 24 மணி நேரமும் திறந்திருக்காது. பாதி டாங்கி குறைந்ததுமே நிரப்பிக்கொள்வது நல்லது. நடுவழிச் சத்திரங்களில் விலை நகரத்தைவிட அதிகம். செலவுக் கணக்கில் அதற்கு இடம் விட வேண்டும்.

சத்திரங்களுக்கே தண்ணீர் அரிது. நாளுக்கு நாலைந்து லிட்டர் வீதம், இரண்டு நாளைக்கான குடிதண்ணீர் எப்போதும் காரில் இருக்க வேண்டும்.

பழத்தில் மட்டும் எச்சரிக்கை! பழ ஈ பரவாமல் இருக்க, செடுனாவில் சோதனைச் சாவடி வைத்திருக்கிறார்கள். கிழக்கே போகிறவர்களின் காரைச் சோதித்து, பழத்தையும் காய்கறியையும் வாங்கிவிடுவார்கள். ஒளித்து வைத்தால் அபராதம். மேற்கே போகிறவர்களுக்கு மாநில எல்லையிலேயே சாவடி. அங்கே தேனும் கொண்டுபோகக்கூடாது. சமைத்த சாப்பாட்டுக்குத் தடை இல்லை. ஆகவே, புளிச்சோறு கட்டிக்கொண்டு போகலாம்!

தூக்கம் என்னும் எதிரி

தனியாகப் போகிறவருக்குக் கங்காருவைவிடப் பெரிய எதிரி தூக்கம். நேரான ரோடு தாலாட்டுப் பாடும்.

அங்கே மணிக்கு 110 கிலோ மீட்டர் வரை போகலாம். அந்த வேகத்தில் கார் விநாடிக்கு 30 மீட்டர் பாயும். 4 விநாடி கண் அயர்ந்தால், 120 மீட்டர் தூரம் கார் தானாக ஓடியிருக்கும்!

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காரை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். கண் கனத்தால், ரோட்டை விட்டு விலகி, ஓய்விடத்தில் நிறுத்தி, கால் மணி நேரம் தூங்கிவிட வேண்டும். பாட்டை உரக்க வைப்பதும், ஜன்னலைத் திறப்பதும் தூக்கத்தைப் போக்காது.

பிரயாணிகளை இறங்க வைக்க, அங்கே ஒரு வேடிக்கையான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 2009-ல் ஒரு கோல்ஃப் மைதானம் திறந்தார்கள். மொத்தம் 18 குழிகள். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் இடையே 1,365 கிலோ மீட்டர்! சத்திரத்துக்குச் சத்திரம் இறங்கி ஒரு குழி ஆடிவிட்டுப் போகலாம்.

பல்லடோனியா சத்திரத்தில் ஒரு சிறு காட்சிசாலை இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் உடைந்து, அதன் துண்டுகள் இந்த வட்டாரத்தில் விழுந்தன. குப்பை போட்ட குற்றத்துக்காக அமெரிக்க விண்வெளி நிலையத்தாருக்கு எஸ்பரன்ஸ் ஊராட்சி 400 டாலர் அபராதம் விதித்தது!

ரோட்டில் ஓடும் ரெயில்

லாரிக்குப் பின்னால் லாரிப் பெட்டியாகக் கோத்துக்கொண்டு வரும் வண்டிக்கு அங்கே "ரோட்டு ரெயில்" என்று பெயர். 36 மீட்டர் நீளம்கூட இருக்கும். நம் ஊர் பஸ் மூன்றை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு!

இதை முந்துவதில் ஒரு கணக்கு இருக்கிறது. அது 100 வேகத்தில் போகிறது. நீங்கள் 110-ல் போகிறீர்கள். பத்திரமாக முந்தி முடிக்க 35 விநாடி பிடிக்கும். அதற்குள் நீங்கள் ஒரு கிலோ மீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள். எதிரே வரும் வண்டியும் ஒரு கிலோ மீட்டர் வந்திருக்கும். ஆகவே, இரண்டு கிலோ மீட்டர் தூரம் ரோடு காலியாகத் தெரிந்தால் மட்டுமே முந்தலாம். இல்லாவிட்டால் பின்னாலேயே போக வேண்டும். அடுத்த சத்திரத்தில் அது எப்படியும் நிற்கும்.

கார் நின்றுவிட்டால்?

காரை விட்டு நடக்கக்கூடாது. இது முதல் விதி. இதுவே கடைசி விதி. காரைத் தேடுகிறவர்கள் எளிதில் கண்டுபிடிப்பார்கள். நடந்து போகும் ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். கார் நிழல் தரும். தண்ணீரும் அதில்தான் இருக்கிறது. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த ரோட்டில் எதிரே வருகிறவர்கள் முன்பின் தெரியாவிட்டாலும் விரலைத் தூக்கி வணக்கம் சொல்வது வழக்கம். நின்று உதவி செய்வதும் வழக்கம்.

சத்திரத்தைத் தாண்டினால் பல இடங்களில் கைபேசி பேசாது. ஆகவே, ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் சிறு கருவி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். வாடகைக்கும் கிடைக்கிறது. கைபேசி பேசும் இடமாக இருந்தால், அவசர உதவிக்கு 000 என்ற எண்.

வழியில் சில இடங்களில் ரோட்டின் மீதே வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கும். அது ஆகாய விமானம் இறங்கும் இடம்! 1928 முதல் விமானத்தில் பறந்து வந்து வைத்தியம் செய்யும் டாக்டர்களின் சேவை அந்த நாட்டில் நடக்கிறது. தேவைப்பட்டால் ரோட்டை மறித்து, விமானத்தை இறக்கி, நோயாளியை ஏற்றிச் செல்வார்கள்.

வீட்டில் ஒரு காகிதம்

எல்லாவற்றையும் எடுத்து வைத்தாயிற்று. இன்னும் ஒன்று பாக்கி. அதுதான் முக்கியமானது.

ஒரு காகிதத்தை எடுத்து இவற்றை எழுத வேண்டும்: காரின் எண், நிறம், கம்பெனிப் பெயர். எந்த நாள் எங்கே தங்குவது, அந்தச் சத்திரத்தின் போன் எண் என்ன. ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குள் போன் வரும்.

இந்தக் காகிதத்தின் ஒரு பிரதி ஆஸ்திரேலியாவில் இருக்கும் நண்பரிடம் இருக்க வேண்டும். இன்னொரு பிரதி நம் வீட்டில் இருக்க வேண்டும்.

போன் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். உதாரணமாக, இரவு 8 மணிக்குள் போன் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லையா? முதலில், அன்று தங்க வேண்டிய சத்திரத்துக்கு நண்பர் போன் செய்ய வேண்டும். அங்கேயும் வரவில்லை என்றால், முந்தின சத்திரத்தில் எப்போது புறப்பட்டார் என்று கேட்க வேண்டும். அடுத்தது போலீஸ். "எங்கேயோ பாலைவனத்தில் இருக்கிறார்" என்று சொன்னால் போலீஸ் எங்கே தேடும்? "காலை 9 மணிக்குக் கைகுனாவிலிருந்து யூக்லாவுக்குப் புறப்பட்டார், வெள்ளைக் கார், இன்ன எண்" என்று சொன்னால் அன்றிரவே தேடலாம்.

வீட்டில் இருப்பவர்கள் மணிக் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெர்த்தில் இரவு 8 மணி என்றால் நமக்கு மாலை 5.30. அடிலெய்டில் இரவு 8 மணி என்றால் நமக்கு மாலை 4. அவர்களின் கோடைக்காலத்தில் மாலை 3. இது தெரியாமல் வீணாகப் பதறுகிறவர்களும் உண்டு. தெரியாமல் அலட்சியமாக இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

பிரயாணம் போகிறவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். "அலுப்பாக இருந்தது, அப்படியே படுத்துவிட்டேன்" என்று ஒரு நாள் போன் செய்யாமல் இருந்தால், மறுநாள் உண்மையிலேயே ஆபத்து வரும்போது, "நேற்றுப் போல இன்றும் தூங்கியிருப்பான்" என்று இருந்துவிடுவார்கள்.

தனிப் பிரயாணம் என்பது ஒருவருக்கும் தெரியாமல் போகும் பிரயாணம் அல்ல. காரில் ஒருவர்தான் இருப்பார். ஆனால், அவர் இந்நேரம் எங்கே இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் காகிதத்தை எழுத அரை மணி நேரம் போதும். வாடகைக் கார் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதை எழுதிவிடச் சொல்லுங்கள்.